ஞாயிற்றுக்கிழமை வந்த கடிதம்

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இம்மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவின்முறையாருக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் எழுதுகிறேன். அண்ணனைப் பற்றி நல்லதை மட்டும் எழுதும்படி சித்தப்பா சொல்லியனுப்பினார். முயன்று பார்க்கிறேன்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் அண்ணன் பிறந்தார். அப்பா சபையில் உபதேசியாராக இருந்தவர். அவர் இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, எனக்கு ஐந்து. படிப்பை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்து, உபாத்தியாயினிப் பயிற்சிக்கும் அனுப்பினார். பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று கேட்டவர்களிடம், "எனக்குக் கடுதாசி எழுதித் தர ஒரு ஆள் வேணும்லா" என்று சொல்லிச் சிரிப்பார். பகலெல்லாம் எழுதியே விரல் காய்த்துப்போனவர் சொல்லுகிற பதில் அது!

ஓய்வுநாள் விஷயத்தில் அண்ணன் மகா கண்டிப்பு. ஞாயிறு சமையல் சனிக்கிழமையே முடிந்துவிட வேண்டும். அன்றைக்குக் காசைத் தொடமாட்டார், வண்டி ஏறமாட்டார், வந்த கடிதத்தைப் பிரிக்கமாட்டார். கடிதம் கீர்த்தனைப் புத்தகத்துக்கு அடியில் போய்விடும். திங்கட்கிழமைதான் வெளியே வரும். "கர்த்தரே கடுதாசி போட்டாலும் ஒங்க அண்ணன் மறுநாள்தான் பாப்பான்" என்று சித்தப்பா கேலி செய்வார். அண்ணன் மனைவி, எங்கள் மைனியும் வாய் மூடிச் சிரிப்பார்.

அந்த வருஷங்களில் நம் பக்கத்துச் செம்மண் புஞ்சைக் காடுகளில் நிலவாகை பயிரிட்டவர்கள் கொழித்தார்கள். பேதி மருந்துக்கு ஆகும் இலை. காயவைத்துப் பொதி கட்டித் தூத்துக்குடிக்கு அனுப்பினால் லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் கப்பலேறும். இலை விலை ஏற ஏறக் காட்டு விலையும் ஏறியது. அப்பா விட்டுப்போன ஆற்றுப் பாசன நஞ்சையை விற்றுவிட்டு, தச்சநல்லூருக்கு வடக்கே ஒரு காட்டை வாங்க அண்ணன் முடிவு செய்தார். கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஏழெட்டுத் தடவை நடந்துபோய்ப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தார். தூத்துக்குடியில் கப்பல் ஆபீசில் வேலை பார்த்த பால்யசிநேகிதரிடம் விலை நிலவரம் கேட்டுக்கொண்டே இருந்தார். காட்டுக்காரர் இந்தக் கிரயத்தை நம்பித் தம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயித்திருந்தார். பத்திரப் பதிவு ஒரு திங்கட்கிழமை என்று ஏற்பாடாயிற்று.

அதற்கு முந்தைய நாள், ஆராதனை முடிந்து வந்து நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, தூத்துக்குடி சிநேகிதர் ஓர் ஆளிடம் கடிதம் கொடுத்தனுப்பினார். வாங்கினவள் நான். "அவசரம்னு சொன்னாவம்மா" என்றார் வந்தவர். அண்ணனிடம் சொன்னேன். "நாளைக்குப் பாத்துக்கிடலாம்ட்டி, வை" என்றார். கீர்த்தனைப் புத்தகத்துக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் விடியுமுன்பே நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து விடுதிக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பியபோது பத்திரம் பதிவாகியிருந்தது. கடிதம் பிரித்தபடி மேசைமேல் கிடந்தது. சீமையில் சண்டை மூளப்போகிறது, கப்பலில் சரக்கு ஏற்ற மறுக்கிறார்கள், பத்திரத்தைத் தள்ளிப்போடு என்று எழுதியிருந்தது. அந்த வாரமே சண்டை வந்துவிட்டது.

இலையை வாங்க ஆளில்லை. பொதிகள் வீட்டு முன்னறையில் அடுக்கிக் கிடந்தன. அந்த வாடையில்தான் சாப்பிட்டோம், ஜெபித்தோம், தூங்கினோம். வாங்கின விலையில் கால்வாசிக்குக்கூடக் காட்டைக் கேட்பாரில்லை. முன்பு வயல் நெல் வந்துகொண்டிருந்த வீட்டில் மைனி படி அரிசியாக வாங்கி உலை வைத்தார். அண்ணனின் மூத்த மகன் படிப்பு நின்றது. நாங்கள் என்ன செய்ய முடியும்? சண்டை நடப்பது எங்கோ, அதை நிறுத்துகிறவர்கள் யாரோ.

சித்தப்பா அதே பக்கத்தில் வைத்திருந்த காட்டைச் சண்டைக்கு மூன்று மாதம் முன்னால் விற்றிருந்தார். சண்டை வருமென்று மோப்பம் பிடித்தா விற்றார்? மகனைச் சென்னைக்குப் படிக்க அனுப்பப் பணம் வேண்டியிருந்தது, விற்றார். ஆனாலும் அவர் கெட்டிக்காரர், அண்ணன் புத்தியில்லாதவர் என்று பேச்சாகிவிட்டது. "நஞ்சையை வித்துக் காட்டை வாங்குவானால, புத்தியுள்ளவன்?" என்று ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் வைத்தே அவர் கேட்டார். அண்ணன் சாப்பாட்டு இலையைப் பார்த்தபடி இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "கடுதாசி ஞாயித்துக்கிழமை வந்துது சித்தப்பா. அண்ணன் பிரிக்காமலே பத்திரத்துக்குப் போயிட்டாவ. கர்த்தருடைய நாளைக் காத்ததுக்கு வந்த நஷ்டம்" என்று சொன்னேன். பத்திரம் முடிந்து வந்துதான் பிரித்தார் என்றே நான் நினைத்திருந்தேன். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

என் பேச்சு ஊரெல்லாம் பரவியது. குருவானவர் பிரசங்கத்திலேயே அண்ணனை எடுத்துக்காட்டாகச் சொன்னார். சபையார் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தலை குனிந்திருந்ததைத் தாழ்மை என்று எண்ணி நான் பூரித்தேன். ஆனால் அன்றிரவெல்லாம் எனக்கு ஒரே உறுத்தல். கடிதத்தை அங்கே வைத்த கை என் கைதானே? பிரித்துப் படித்துச் சொல்லியிருந்தால்? நாலு வருஷம் இதை நினைத்து நினைத்து வெந்தேன்.

போன வருஷம் ஊரையே வாரிக்கொண்டுபோன விஷக்காய்ச்சல் அண்ணனையும் பிடித்தது. எட்டே நாள். ஆறாம் நாள் மத்தியானம் தெளிவாகப் பேசினார். கடிதத்தை வைத்ததற்காக நான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, அழாத. அந்தக் கடுதாசிய நான் திங்கட்கிழமை காலையிலேயே படிச்சிட்டேன். படிச்சிட்டுத்தான் போனேன். சண்டை வந்தாலும் ரெண்டு மாசத்துல முடிஞ்சிரும்னு நெனச்சேன். வாக்குக் குடுத்தாச்சு, காட்டுக்காரர் மக கல்யாணமும் இந்தப் பணத்த நம்பி நிக்குது. நீ பந்தியில சொன்னத மறுத்தா ஒனக்குத் தலைகுனிவுன்னு இருந்துட்டேன். பெறவு கோயில்ல குருவானவரும் சொல்லிட்டாவ. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அங்கன உக்காந்திருக்கக் கூசுது. நீ எல்லாருக்கும் சொல்லிரு."

"அப்போ இது உங்க தப்பாண்ணே, கெட்ட காலமா?" என்று கேட்டேன். சாகக் கிடக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா அது? "எனக்கே தெரியலட்டி" என்றார். அவர் அடக்கமாகி ஒரு மாதம் ஆகுமுன் சண்டை நின்றது. இப்போது அந்தக் காட்டை விலைக்குக் கேட்டு ஆள் வருகிறார்கள். யாரை நோவது?

அண்ணன் படுத்திருந்தபோது தொற்றுக்கு அஞ்சாமல் வந்து கஞ்சி ஊட்டிய அண்டை வீட்டாருக்கும், ஆளில்லாத அந்நாளில் பெட்டி சுமந்த நால்வருக்கும், கடைசிவரை ஒரு சொல் குத்திப் பேசாத தூத்துக்குடி சிநேகிதருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கோபமாகப் பேசினாலும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் அரிசி அனுப்பும் சித்தப்பாவுக்கும் நன்றி.

இதுவரை எழுதியதை, அச்சுக்குக் கொடுக்குமுன் மைனிக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு இதெல்லாம் புதிதாக இருக்கும், பதறுவார் என்று பயந்தேன். மைனி பதறவில்லை. முந்தானையை முறுக்கியபடி கேட்டுவிட்டு, "என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலியா அவுக?" என்றார்.

"உங்களப் பத்தியா? இல்லையே மைனி."

"அன்னைக்கு விடியக்காலம் விளக்கப் புடிச்சிட்டு நின்னது நாந்தான். படிச்சிட்டு, போகவா வேண்டாமான்னு என்னத்தான் கேட்டாவ. அவுகளுக்கு மனசே இல்ல. நாந்தான் போங்கன்னு சொன்னேன். அதையும் எழுது தாயி."

எழுதிவிட்டேன்.