அம்மாவின் 'பாவாடைச் சிலுவார்'

ரப்பர் பால் தெறித்துக் காய்ந்த துணி, நடக்கும்போது மடிப்போடு மடிப்பு உரசி மொரமொரக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் மேட்டுத் தோட்டமொன்றில் பட்டை கீறிப் பால்மரம் வெட்டிய என் அம்மாவின் சேலைக்கும் அந்தச் சத்தம் இருந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும். பால் பிடிக்கும் 'மங்கு'களைத் துடைக்க நானும் கூடப் போவேன்.

ஒரு மழைக்காலத்தில், நிறைந்த வாளிகளோடு சரிவில் இறங்கிய அம்மா, சேலை காலில் சிக்கி உருண்டு விழுந்தார். வயிற்றிலிருந்த பிள்ளை தங்கவில்லை. படுக்கையை விட்டு எழுந்ததும், தோட்டத்து எல்லையில் காய்கறி பயிரிட்ட சீனப் பெண்ணிடம் போய், அவள் உடுத்தும் தொளதொளத்த காற்சட்டையைத் தொட்டுப் பார்த்து, பழைய சேலையொன்றைக் கொடுத்து அதைவிட அகலமாகத் தைத்து வாங்கிவந்தார். நின்றால் பாவாடை, நடந்தால்தான் இரண்டு கால்களாகப் பிரிவது தெரியும். லயத்து வரிசை வீடுகளின் பெண்கள், காற்சட்டைக்கான மலாய்ச் சொல்லைச் சேர்த்து, 'பாவாடைச் சிலுவார்' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, அன்று முழுவதும் அம்மாவோடு பேசவுமில்லை.

மறுநாள் விடியற்காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடும் 'பெரட்டு'க்கு அம்மா அதை உடுத்திக்கொண்டு போய் நின்றார்.

"இதென்ன வேஷம்?" என்றார் கங்காணி. "போயி சேலை கட்டிக்கிட்டு வா. இல்லாட்டி இன்னைக்கு ஒனக்குப் பேரு இல்ல."

"சேலை கட்டித்தான் விழுந்தேன் கங்காணியாரே. ஒரு பிள்ளையக் குடுத்தாச்சு. இன்னொன்ன குடுக்க மாட்டேன்."

கங்காணி அடுத்த பேரைக் கூப்பிட்டார். அது அப்பாவுடையது. அப்பா வாளிகளைத் தரையில் வைத்தார்.

"அவளுக்குப் பேரு இல்லேன்னா எனக்கும் வேணாங்க."

அன்று மூவரும் வீடு திரும்பி மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சாப்பிட்டோம். எங்கள் நிரைகளில் மரங்கள் வெட்டப்படாமல் நின்றதைப் பார்த்து, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கங்காணியிடம் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் கங்காணி முகம் பார்க்காமலே அம்மாவின் பேரைக் கூப்பிட்டார். வேறெந்தப் பெண்ணும் அப்படித் தைத்துக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் அதை உடுத்திச் சரிவில் ஏறி இறங்கியே என் தம்பிகள் இருவரையும் சுமந்து பெற்றார்.

இப்போது அந்தச் சரிவில் வீடுகள் எழும்பிவிட்டன. சிலுவார் கிழிந்து அடுப்படிக் கைத்துணியாகி, என்றோ போயிற்று. அம்மாவின் படம் ஒன்றே ஒன்று, ஈப்போவில் எடுத்தது, தம்பி வீட்டில் மாட்டியிருக்கிறது. அதில் அவர் சேலையில்தான் நிற்கிறார். போன வாரம் தம்பி மகள் அதைத் துடைத்துக்கொண்டே, "அப்பாயி எப்பவும் சேலைதான் கட்டுவாங்களா அத்தே?" என்று கேட்டாள்.

"இல்ல," என்று சொல்லி, அவளை உட்காரச் சொன்னேன்.