சிவப்புக் கோட்டுக்கு மேலே தண்ணீர்

அந்த வெள்ளிக்கிழமை காலை உள்ளே இருந்தது நாலு பேர். கப்டனாக நியமிக்கப்பட்ட கோயம்புத்தூர்க்காரர், கம்பியூட்டர் கம்பனியில் பெரிய வேலை. எட்மண்டனில் மினிகேப் ஓடுகிற எங்கட ஊர் ஆள், என்னைவிட மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வெம்பிளிப் பக்கம் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்து அக்கா. பிறகு நான். சுவருக்கு அந்தப் பக்கம் மைக்குக்கு முன்னால் ஆராய்ச்சியை நடத்துகிற வெள்ளைக்கார டொக்டர் அம்மா. வேறு ஒருவரும் இல்லை. பிறகு ஆளாளுக்கு நேரில் பார்த்தது போலக் கதை சொல்லித் திரிந்ததால் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

உள்ளே என்றால், கிழக்கு லண்டனில் பழைய சாமான் கிடங்கு ஒன்றுக்குள் பொருத்தி வைத்திருந்த மூன்று கொள்கலன்கள். விண்வெளி நிலையத்தில் ஆட்கள் எப்படி ஒன்றாக இருந்து வேலை செய்கிறார்கள் என்று பார்க்கத் தரையிலேயே ஒரு நிலையம் கட்டியிருந்தார்கள். மிதக்க மட்டும் முடியாது. மற்றதெல்லாம் அங்கே போலத்தான். மாப்பொடி மாதிரிச் சாப்பாடு, அதற்குள் தண்ணீர் விட்டுக் குழைக்க வேணும். குளிப்பு இல்லை, ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கலாம். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை, அதில் பூமி சுற்றிக்கொண்டே இருக்கும். கக்கூசைத் தவிர எல்லா இடமும் கமரா. ஒரு மாதம் அப்படி இருக்க வேணும்.

ஒரே தாய்மொழிக்காரர் நாலு பேரை அடைத்து வைத்தால் சண்டை குறையுமா என்று அவர்களுக்கு ஒரு கேள்வி. தமிழர் என்றால் தமிழர் என்று நினைத்து எங்களைப் பிடித்தார்கள். கப்டன் 'ஆமா' என்பார், நாங்கள் 'ஓம்' என்போம். நாலாம் நாளே அவர் அக்காவிடம், "நீங்க பேசுறது கேக்க நல்லாருக்கு மேடம், மலையாளம் மாதிரி" என்றார். அதன் பிறகு அக்கா அவரோடு வேலைக்கு மட்டும்தான் கதைத்தா.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சாப்பாட்டுக் கடையில் சட்டி பானை கழுவுகிறேன். இந்த ஆராய்ச்சிக்குச் சேர்டிபிகேட் ஒன்றும் கேட்கவில்லை, இரத்தமும் மூத்திரமும்தான் கேட்டார்கள், இரண்டும் என்னிடம் இருந்தன. நாளுக்கு இவ்வளவு என்று ஒரு கூலி. மாதம் முழுக்கக் கதவு திறக்காமல் இருந்து முடித்தால் மேலதிகமாக ஆளுக்கு இரண்டாயிரம் பவுண்ஸ். எனக்கு அந்த இரண்டாயிரம்தான் வேணும். மனைவியும் மகளும் நானும் ஒரே அறையில் இருக்கிறோம். மகள் சோதனைக்குக் கட்டிலில் குந்தியிருந்து படிக்கிறாள், நாங்கள் படுக்க வேணுமென்றால் அவள் புத்தகத்தை மூட வேணும். இரண்டு அறை வீடொன்று பார்த்து வைத்திருந்தோம். மாத முடிவுக்குள் முற்பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்கு என்று ஏஜென்ட் சொல்லிவிட்டான்.

ஆனபடியால் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். காற்று வருகிற துவாரத்தில் கை வைத்துப் பார்ப்பேன். கதவு ரப்பரைத் தடவிப் பார்ப்பேன். படுத்த பிறகும் எழும்பிப் பார்ப்பேன்.

"தம்பி, காத்து இருக்கு," என்பார் அண்ணை. "நீ மூச்சை விட்டிட்டுப் படு. உன்ர பயத்தில எங்களுக்கெல்லோ மூச்சு முட்டுது."

நான் எப்போதாவது பதறிப்போய்க் கதவைத் திறந்துவிடுவேன் என்று மூன்று பேருக்கும் ஒரு எண்ணம். கப்டன் என் படுக்கையைக் கதவுக்குத் தூரமான மூலைக்கு மாற்றினார். மாற்றியதற்குக் காரணம் கேட்டேன். "ஏர் ஃப்ளோ சார்," என்றார்.

வேலை நேரத்தில் இருவர் சேர்ந்துதான் ஒன்றைச் செய்ய வேணும். ஒருவர் செய்முறை எழுதின அட்டையைப் பார்த்து வாசிக்க, மற்றவர் செய்துவிட்டு 'செய்தாச்சு' என்று திருப்பிச் சொல்ல வேணும். மேலே நிலையத்திலும் அப்படித்தானாம். எனக்குக் கப்டன் வாசிப்பார். என் இங்கிலீஷ் ஆமை நடை என்பதால் ஒவ்வொரு சொல்லாகக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல வாசிப்பார். ஆணியை வலப்பக்கம் திருப்பு என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய வலக்கையைத் தூக்கிக் காட்டுவார். நான் 'செய்தாச்சு' என்று சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் அவருக்கு வேறொன்று சொல்லுவேன்.

சண்டை உண்மையில் பிடித்துக்கொண்டது தண்ணீரில்.

ஒரு தண்ணீர்த் தாங்கிதான். குடிக்க, சாப்பாடு குழைக்க, துடைக்க எல்லாம் அதிலிருந்து. பக்கத்தில் கண்ணாடிக் குழாய், அதில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் பாதுகாப்புக்காக வெளியே இருப்பவர்கள் கதவைத் திறந்துவிடுவார்கள். திறந்தால் ஆராய்ச்சி முடிந்தது, இரண்டாயிரமும் இல்லை. முதல் நாளே எல்லாருக்கும் விளங்கப்படுத்திக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

தண்ணீர் குறைய வேண்டிய அளவைவிட வேகமாகக் குறைந்தது. இரண்டாம் கிழமை அரை அடி வித்தியாசம். கப்டன் எங்களை மேசையைச் சுற்றி நிற்க வைத்தார்.

"யாரோ எக்ஸ்ட்ரா எடுக்கறீங்க. யாருன்னு நான் கேக்கல. நிறுத்திடுங்க."

"கேக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு ஏன் என்னைப் பாக்கிறியள்?" என்றேன்.

"நீங்கதான் சார் எப்பவும் டேங்க் பக்கத்துல நிக்கிறீங்க."

"பாக்கத்தான் நிக்கிறன்."

"பாக்கறதுக்கு எதுக்கு கையில கப்?"

 அக்கா பக்கத்தில் நிற்கிறா. அந்தக் கப்பை நான் எங்கே கொண்டு போனேன் என்று அவவுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? கக்கூசில் பேப்பரும் ஈரத்துடைப்பானும்தான் வைத்திருந்தார்கள். பிறந்த நாள் முதல் தண்ணீர் ஊற்றிக் கழுவினவன் நான். லண்டனுக்கு வந்து இத்தனை வருஷத்திலும் வீட்டில் பிளாஸ்டிக் கோப்பை இல்லாமல் இருந்ததில்லை.

நான் பேசாமல் நின்றதைக் குற்றவாளி நிற்பதாக எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் அண்ணை தன் கப்பின் அடியில் பேனையால் அடையாளம் போட்டு வைத்தார். அக்கா என் சாப்பாட்டுப் பொடிக்குத் தானே அளந்து தண்ணீர் விட்டா, அளவுக் கோப்பையின் கோட்டுக்குச் சரியாக, ஒரு சொட்டும் கூடாமல். குழைபடாத மாவை நான் கடித்துத் தின்றேன். "வீட்டில மனுசி இப்பிடித்தான் அளந்து தாறவவோ?" என்று அண்ணை கேட்டார். நான் அவரோடு கதைப்பதை விட்டேன். திரையில் கடல் போகும், பாலைவனம் போகும், எங்கள் நாலு பேருக்கும் முகம் பார்க்கப் பிடிக்காததால் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கடைசிக் கிழமை, புதன்கிழமை, தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எங்கள் மாதம் முடிகிறது.  கப்டன் திரும்பவும் மேசைக்குக் கூப்பிட்டார்.

"இதுக்கு மேல மரியாதை கிடையாது. திருடினது யாருன்னு ஒத்துக்கிட்டாத்தான் இங்கிருந்து நகருவோம்."

நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா துடைத்துக்கொண்டிருந்த துணியை மேசையில் போட்டா.

"கப்டன், நீங்கள் கக்கூசுக்குப் போனால் பேப்பரால துடைக்கிறனீங்களோ?"

"மேடம்..."

"இல்லை, கேக்கிறன். நான் நாள் முழுக்க வயசு போன சனத்துக்குக் கழுவித் துடைக்கிறவள். எனக்கு இதில வெக்கம் இல்லை. நான் கழுவித்தான் வாறனான். முதல் நாள் தொடக்கம். அண்ணை, நீங்கள்?"

அண்ணை தொண்டையைச் செருமினார். "ஓம்... பின்ன என்ன, பேப்பராலயோ?"

"தம்பி?"

"ஓம் அக்கா."

எல்லாரும் கப்டனைப் பார்த்தோம். அவர் காது சிவந்து போயிருந்தது. "நான் ரொம்பக் கம்மியாத்தான் எடுப்பேன்," என்றார்.

வெளியே இருந்து எங்களுக்குத் தண்ணீர் அளந்து வைத்தவர்கள் பேப்பரால் துடைக்கிற ஆட்களென்று நினைத்து அளந்திருக்கிறார்கள். நாலு தமிழரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கப்பை ஒளித்துக் கொண்டு போய் வந்திருக்கிறோம். சிரித்திருக்கலாம். ஒருவரும் சிரிக்கவில்லை. என்னைக் கள்ளன் என்று பார்த்த மூன்று பேரில் ஒருவராவது ஒரு சொல் சொல்லுவார் என்று நின்றேன். "சரி, விடு," என்றார் அண்ணை, நான்தான் எதையோ பிடித்துக்கொண்டு நிற்பது போல.

கணக்குப் பார்த்தோம். குடிக்கவும் குழைக்கவும் மட்டும் எடுத்தால் ஞாயிறு மத்தியானம் வரை கோட்டுக்கு மேலே நிற்கும், மட்டுமட்டாக. அதுவரை எல்லாரும் பேப்பர். கப்டன் தன் வாயால், "ப்ராமிஸ்," என்றார். வியாழன் முழுக்க அப்படியே இருந்தோம். எனக்கு உடம்பு கூசியது, நடக்கவே பிடிக்கவில்லை, ஆனால் தண்ணீர் சொன்ன இடத்தில் நின்றது. புது வீட்டில் மகளுக்கு ஒரு மேசையும் கதிரையும் ஜன்னலோரம் போடலாம் என்று அன்று முதல்தரம் துணிந்து யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் எழும்பித் தாங்கியடிக்கு வந்தேன். தண்ணீர் கோட்டுக்குக் கீழே. குனிந்து பார்த்தேன், கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கக்கூஸ் கதவைத் திறந்துகொண்டு கப்டன் வந்தார். தலை ஈரம். நெற்றியில் திருநீறு. சாப்பாடு குழைக்கிற பெரிய ஜாடி கையில்.

"என்ன செய்திருக்கிறியள்?" என்றேன். 

"வெள்ளிக்கிழமை சார். நேத்து முழுக்க அந்த மாதிரி இருந்துட்டு அப்படியே சாமி கும்பிட முடியாது. ரெண்டே ஜாடிதான் ஊத்திக்கிட்டேன்."

அண்ணை பனியனோடு வந்து நின்றார். குழாயைப் பார்த்தார், கப்டனின் தலையைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்குப் பதினாறு தரம் சூரியன் உதிக்கிற இடமெண்டு எங்களுக்குப் பாடம் எடுத்தது நீர்தானே," என்றார். "இதில எது ஐசே உமக்கு வெள்ளிக்கிழமை?"

"நம்பிக்கையைக் கிண்டல் பண்ணாதீங்க."

"நானும்தான் சாமி கும்பிடுறனான்," என்றா அக்கா. "துடைச்சுப்போட்டுக் கும்பிட்டனான். சாமி எழும்பிப் போகேல்லை."

நான் அவரைக் கழுத்தில் பிடித்திருப்பேன். அண்ணை குறுக்கே வந்துவிட்டார். என்னைத்தான் பிடித்து நிறுத்தினார், அவரையல்ல. அப்போது மைக்கில் டொக்டர் அம்மாவின் குரல், மிக மரியாதையாக, எங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்றது. கதவு திறந்தது. வெளிக்காற்றில் டீசல் மணம். நான் பயந்து திறந்துவிடுவேன் என்று காவல் காத்த கதவு.

கப்டனை நாங்கள் கார் நிறுத்துமிடத்தில் விடவில்லை. அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு அவருடைய கார்க் கதவில் சாய்ந்து நின்றா. டொக்டர் அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றதாலோ என்னவோ, அவர் சொன்னார்: "சரி. என்னாலதான் போச்சு. மூணு பேருக்கும் அந்த ரெண்டாயிரத்த நானே தரேன். எனக்கு சம்பளம் வருது, பிரச்சினை இல்ல." எங்களுக்குப் பிரச்சினை இருக்கிறது என்று அதில் ஒரு குத்தல். அதையும் விழுங்கிக்கொண்டு பாங்க் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை முந்நூறு வந்தது. ஏஜென்டிடம் கொண்டு போனேன், அவன் முழுதாகக் கொண்டு வரச் சொன்னான். பிறகு இன்னொரு முந்நூறு வந்தபோது அந்த வீட்டு ஜன்னலில் வேறு யாருடையதோ திரைச்சீலை தொங்கியது.  மகள் அதே கட்டிலில் இருந்து படித்துத்தான் சோதனைக்குப் போனாள்.

பிறகு கப்டன் போனை எடுப்பதில்லை. அக்காவுக்கு முழுக் காசும் கொடுத்துவிட்டாராம், அவ அவருடைய வேலைத்தலத்து வாசலுக்கே போய் நின்றவ. அண்ணை பாதிக்குச் சமாதானமாகிவிட்டார், இப்போது கப்டன் ஏர்போர்ட் போவதென்றால் அவருடைய கேப்தான். எனக்கு அப்படி வாசலில் போய் நிற்கத் தைரியம் இல்லை, சமாதானமாகவும் மனம் இல்லை. விம்பிள்டனில் கோயிலுக்குப் போன இடத்தில் ஒரு நாள் எதிரே கண்டு, நேராகப் போய்க் கேட்டேன்.

"கோயில்ல வெச்சு காசு பத்திப் பேசாதீங்க சார்," என்றார். "இங்க எல்லாரும் நிம்மதிக்கு வர்றாங்க."

"வெளியில வாங்கோ, கதைப்பம்."

அவர் பிரசாத வரிசைக்குள் போய் நின்றுகொண்டார். நான் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் குளிரில் காத்து நின்றேன். மற்ற வாசலால் போய்விட்டார்.

எனக்கு வர வேண்டியது இன்னும் ஆயிரத்து நானூறு பவுண்ஸ்.