முப்பது செக்கனுக்குள்ள எறி

எங்கட பள்ளிக்கூடத்தில கூடைப்பந்து எண்டால் பந்து நிலத்தில துள்ளாது. இதைச் சொன்னால் இப்பவும் ஆக்கள் சிரிப்பினம். சிரிக்கட்டும். முல்லைத்தீவுக் கரையில, கால் புதையிற வெள்ளை மணலில ரெண்டு பனங்குத்தியை நட்டு, தார்ப் பீப்பாவின்ர இரும்பு வளையத்தை மேல அடிச்சு, அதுக்குக் கீழ கிழிஞ்ச மீன்வலையில ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் அதுதான் எங்கட மைதானம். மணலில பந்தைக் குத்தினால் அது அங்கேயே படுத்துக்கொள்ளும். அதால எங்களுக்குக் கைமாத்தி எறியிறது மட்டும்தான் தெரியும். பிடிக்கிறது, ரெண்டு காலடி வைக்கிறது, மற்றவளுக்கு எறியிறது. பீப்பா வளையம் உண்மையான வளையத்தைவிடப் பெரிசு எண்டது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளையளோட ஆடப் போனால் அங்க மண் இறுக்கம், பந்து நல்லாத் துள்ளும். அவையின்ர சட்டம் வேற, எங்கட சட்டம் வேற. அதால ஆட்டம் தொடங்க முதல் ரெண்டு பக்கத்துத் தலைவியும் ஒரு ஓரமாப் போய் நிண்டு சட்டம் பேசவேணும். பந்தைத் துள்ள விடலாமோ, எத்தினை பேர் இறங்கிறது, தள்ளினால் என்ன செய்யிறது, விளையாட்டுப் பழக்கிற சேரின்ர கை மணிக்கூட்டில முள்ளு எங்க வந்தால் முடிவு, எல்லாம் பேச்சிலதான் தீரும். கலியாணம் பேசுற மாதிரி இழுபடும். நான் மூண்டு வருசம் தலைவியா இருந்தனான். ஆட்டத்தில தோத்திருக்கிறன், ஆனால் சட்டம் பேசித் தோத்ததில்லை.

நான் விடாமல் கேட்டு வாங்கிற சட்டம் ஒண்டு இருந்தது. மணிக்கூடு ஒருக்காத் தொடங்கினால் நிக்கக்கூடாது. பந்து நாகதாளிப் பத்தைக்குள்ள போனாலும் ஓடவேணும். எங்கட பக்கம் ரெண்டு புள்ளி முன்னுக்கு நிண்டுதெண்டால் நான் செய்யிற வேலை என்னெண்டால், பந்தை எங்களுக்குள்ளேயே சுத்திச் சுத்தி எறிஞ்சுகொண்டிருப்பம். வளையப் பக்கம் ஆரும் திரும்பியும் பாக்கமாட்டினம். மற்றப் பக்கம் ஓடி ஓடிக் களைச்சுப் போகும். கடைசியில நான் பந்தை நாகதாளிக்குள்ள விட்டிட்டு, முள்ளுக் குத்தினதெண்டு குந்தியிருந்து காலைத் தடவுவன். அதுக்குள்ள விசில் ஊதியிடும். இதுக்கு எங்கட பள்ளிக்கூடத்தில 'ஆறப்போடுறது' எண்டு பேர். ஆறப்போடுறதில என்னை அடிக்க ஆளில்லை.

பிறகு சண்டை வந்து ஊரை விட்டு வெளிக்கிட்டம். அப்பா கடல் ஆள். எங்களைக் கொண்டுபோய்த் தர்மபுரத்தில ஒரு கொட்டிலில இருத்திப்போட்டு, வயலுக்குள்ள என்ன செய்யிறதெண்டு தெரியாமல் முற்றத்தையே பாத்துக்கொண்டு இருந்தார். நான் மரத்துக்குக் கீழ நடந்த வகுப்பில படிச்சு, சோதினை எழுதி, வவுனியாவில ஒரு கல்லூரிக்கு எடுபட்டன். ஒரு பையும், வன்னியை விட்டு வெளியில வர எடுத்த ஒரு பாசும்தான் கையில. விடுதியில என்னோட இருந்த பிள்ளையளுக்குக் கிழமைக்கு ஒருக்கா வீட்டு ஆக்கள் வருவினம். எனக்கு வர ஆளில்லை, கடிதமும் வராது. பேர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டாளவை, 'வன்னிப் பெட்டை' எண்டுதான் கூப்பிடுவாளவை. எனக்கெண்டு கையில மிஞ்சியிருந்தது விளையாட்டு ஒண்டுதான். அதால கல்லூரி அணிக்குப் பிள்ளையள் தேவை எண்டு அறிவித்தல் போட்ட அண்டைக்கே போய் முதல் ஆளா நிண்டன்.

சீமெந்து மைதானம். நிலம் முழுக்கக் கோடு. வளையத்தைச் சுத்தித் தூரத்தில பெரிய வளைஞ்ச கோடு ஒண்டு போட்டிருந்தது. அது வேற ஏதோ விளையாட்டுக்குப் போட்டது எண்டு நினைச்சன். அதுக்கு வெளியில நிண்டு போட்டால் மூண்டு புள்ளி எண்டு தலைவி சொன்னாள். தலைவி வவுனியா ரவுண் பிள்ளை, நல்ல உயரம், வாயும் நீளம். பந்தை ஒருக்காக் குத்திப் பாத்தன். அது துள்ளி வந்து என்ர நாடியில அடிச்சுது. சுத்தி நிண்டதுகள் எல்லாம் சிரிச்சுதுகள். நானும் பல்லைக் கடிச்சுக்கொண்டு சிரிச்சு வைச்சன்.

எண்டாலும் கைமாத்திறதில நான் கெட்டிக்காரி. விளையாட்டுக்குப் பொறுப்பான சேர் அதைப் பாத்திட்டு என்னை ஐஞ்சு பேரில ஒரு ஆளாப் போட்டார். எங்களுக்குள்ள ரெண்டாப் பிரிஞ்சு ஆடேக்குள்ள எங்கட பக்கம் முன்னுக்கு நிண்டுது. நான் வழக்கம் போல ஆறப்போடத் தொடங்கினன். பந்து எனக்கு வரும், நான் மற்றவளுக்கு எறிவன், திரும்பி வாங்குவன். திடீரெண்டு விசில். பந்தை வாங்கி மற்றப் பக்கத்துக்குக் குடுத்திட்டார் சேர்.

"என்ன சேர் பிழை?"

"முப்பது செக்கன், பிள்ளை. பந்து கைக்கு வந்து முப்பது செக்கனுக்குள்ள வளையத்துக்கு எறியவேணும்."

"ஆர் சொன்னது?"

"சட்டம் சொல்லுது."

"தலைவியள் பேசினவையோ? நான் இதுக்கு ஒத்துக்கொள்ளேல்லை, சேர்."

உண்மையாத்தான் கேட்டனான். எந்த ஆட்டத்துக்கும் சட்டம் பேசித்தான் தீர்மானிக்கிறது எண்டு நினைச்சுக்கொண்டிருந்த ஆள் நான். பேச முதலே எழுதி முடிச்ச சட்டம் ஒண்டு இருக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? சேர் வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார். தலைவி வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தில இருந்திட்டாள். அண்டையில இருந்து விடுதியில சோறு குறைஞ்சாலும் தண்ணி நிண்டாலும் "எடி, நீ இதுக்கு ஒத்துக்கொண்டனியோ?" எண்டு என்னைத்தான் கேப்பாளவை. எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அடுத்த கிழமை பந்து வெளியில ஓடி வாய்க்காலுக்குள்ள விழுந்தது. நாங்கள் முன்னுக்கு. நான் மெல்ல நடந்து போய், செருப்பைக் கழட்டி, பாவாடையை ஒதுக்கி, ஆறுதலா எடுத்துக்கொண்டு வந்தன். தலைவி இடுப்பில கையை வைச்சுக்கொண்டு நிண்டாள்.

"குளிச்சிட்டும் வரலாம், அவசரமில்லை. விசில் ஊதினால் மணிக்கூடு நிண்டிடும்."

அதுவும் போச்சுது. பள்ளிக்கூடத்தில தள்ளினால் ஒரு ஏச்சோட போய்விடும், கணக்கு வைக்கிறேல்லை. வைச்சு ஒருத்தியை வெளியில விட்டால் ஆட ஆள் எங்க? இஞ்ச ஐஞ்சு பிழை விட்டால் வெளியில. முதல் பயிற்சி ஆட்டத்திலேயே பாதி முடிய முதல் நான் வெளியில வந்திட்டன். பத்துச் செக்கனுக்குள்ள நடுக்கோட்டைத் தாண்டவேணும், தாண்டின பந்தைத் திருப்பிக் கொண்டுபோகக்கூடாது. எங்கட மைதானத்தில நடுக்கோடே இல்லை. நான் கால் வைக்கிற இடமெல்லாம் விசில்.

சேர் நல்ல மனுசன், ஆனால் ஒளிச்சுப் பேசத் தெரியாது. "பிள்ளை, உமக்குப் பள்ளிக்கூட ஆட்டம் ரத்தத்தில ஊறிப்போச்சு. ரவுணில இருக்கிற மற்றக் கல்லூரி அடுத்த மாதம் இஞ்ச வந்து ஆடுது. அதில உம்மை இறக்கிப் பாப்பன். அதிலயும் பந்தைச் சும்மா பறிகுடுத்தால் பிறகு அணியில பேர் போடேலாது. கோவிக்கக்கூடாது" எண்டார். நான் கோவிக்கேல்லை. விடுதிக்கு வந்து கட்டிலில குப்புறப் படுத்திருந்து யோசிச்சன். இந்தப் பேரும் போனால் இந்த ஊரில நான் ஆர்? விடுறேல்லை எண்டு முடிவெடுத்தன்.

முப்பது செக்கன் எவ்வளவு நீளம் எண்டு முதல்ல உடம்புக்குத் தெரியவேணும். செக்கனை எண்ணிக் காட்டுற பெட்டி எங்கட மைதானத்தில இல்லை. மேசையில ஒரு ஆள் ஸ்ரொப் வோச்சோட இருப்பார், ஆடுறவளுக்கு ஒண்டும் தெரியாது. ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணிக்கொண்டு ஓடினால் பந்து வந்த உடனே எண் மறந்துபோகும். எனக்கு மறக்காதது செபமாலை ஒண்டுதான். சின்னனில இருந்து ஒவ்வொரு பின்னேரமும் முழங்காலில நிண்டு சொன்னது, நித்திரையிலயும் வாய் சொல்லும். அதில வாற 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தை ரெண்டு தரம் சொன்னால் முப்பது செக்கன் வரும் எண்டு கணக்குப் போட்டன்.

மைதானத்துக்குப் போய்ப் பந்து கைக்கு வந்த உடனே மனசுக்குள்ள தொடங்கினன். ரெண்டாவது ஆமென் சொன்ன இடத்தில நான் நிண்டது நடுக்கோட்டுக்குக் கிட்ட. கணக்குக் கணக்குத்தானே, அங்க இருந்தே வளையத்துக்கு எறிஞ்சன். பந்து மேசைக்கு மேலால போய்ச் சேரின்ர தேத்தண்ணியைத் தட்டிவிட்டுது.

"என்ன அவசரம், பிள்ளை? பாதி நேரமும் போகேல்லை!"

பிறகுதான் விளங்கிச்சுது. நான் சொன்னது அம்மாவின்ர வேகத்தில. எங்கட கரையில விடியக் கடலுக்குப் போறவைக்குச் சோறு கட்டவேணும், அதால எங்கட வீட்டுச் செபமாலை மெயில் றெயில் மாதிரிப் போகும். அம்மா ஒரு மந்திரத்தை முடிக்க முதல் நாங்கள் அடுத்ததைத் தொடங்கியிருப்பம். அதுக்குப் பிறகு தினமும் சேரிட்டை ஸ்ரொப் வோச்சை வாங்கிக்கொண்டு போய், கோயிலில சாமியார் சொல்லுற மாதிரி ஆறுதலாச் சொல்லிப் பழகினன். உடுப்புத் தோய்க்கேக்குள்ள, படி ஏறேக்குள்ள, சாப்பாட்டு வரிசையில நிக்கேக்குள்ள. கிறுக்கெண்டு நினைச்சிருப்பாளவை. மாதாவும் என்னைப் பற்றி ஏதாவது நினைச்சிருப்பா.

ஒரு நாள் பயிற்சியில நான் தலைவியை மறிச்சுக்கொண்டு நிண்டன். பந்து அவளிட்டை. என்ர வாய் பழக்கத்தில தானாவே மந்திரத்தைத் தொடங்கியிட்டுது. முதலாவது முடிஞ்சுது, ரெண்டாவதும் பாதி. அவளால எறியேலாமல் இருக்கு. அப்பதான் எனக்கு விடிஞ்சுது. இந்தச் சட்டம் எனக்கு மட்டுமோ? அவளுக்கும்தானே! பள்ளிக்கூடத்தில ஒருத்தியை எவ்வளவு நேரம் மறிச்சாலும் அவள் பந்தை வைச்சுக்கொண்டே இருப்பாள், எங்களுக்குத்தான் களைக்கும். இஞ்ச முப்பது செக்கன் விடாமல் நிண்டால் போதும், விசில் ஊதிப் பந்தை என்ர பக்கம் தருவினம். ஆனால் தொடக்கூடாது, தொட்டால் பிழை. சரி, தொடாமல் நிப்பம். மணலில ஓடின கால், சீமெந்தில அதுக்கு என்ன களைப்பு? அண்டைக்கு விசில் எனக்காக ஊதிச்சுது. தலைவி சிரிக்கேல்லை. "என்னடி செய்தனீ?" எண்டு கேட்டாள்.

அவளுக்கு மட்டும் சொன்னன். அவள் சைவப் பிள்ளை. ரெண்டு நாளில மந்திரத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்து, வேகம் சரியோ எண்டு எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

மற்றக் கல்லூரி வந்த அண்டைக்கு நல்ல வெய்யில். மைதானத்தைச் சுத்தி ஆக்கள். நான் ஐஞ்சு பேரில ஒரு ஆள். முதல் பாதியில ஒருக்காப் பயத்தில பந்தை நடுக்கோட்டுக்குப் பின்னால திருப்பி எறிஞ்சிட்டன். விசில். சேர் கதிரையில இருந்து எழும்பி நிண்டார். என்னைக் கூப்பிடப் போறார் எண்டு நினைச்சன். நான் அவரின்ர பக்கம் பாக்கவே இல்லை. பாத்தால்தானே கூப்பிடுவார்.

முடிய ஒரு நிமிசம்கூட இல்லை. நாங்கள் ஒரு புள்ளி முன்னுக்கு, பந்து அவையிட்டை. கொண்டுவந்தவள் ஆள் கட்டை, ஆனால் வலு தந்திரக்காரி. அவளை மறிக்கிறது என்ர வேலை. எனக்கு ஏற்கனவே நாலு பிழை. இன்னும் ஒண்டு விட்டால் நான் வெளியில, அவளுக்கு மறிக்க ஆளில்லாமல் எறிய வாய்ப்பு, எல்லாம் முடிஞ்சுது. ரெண்டு கையையும் மேல தூக்கிக்கொண்டு மந்திரத்தைத் தொடங்கினன். அவள் இடப்பக்கம் போக நான் இடப்பக்கம். வலப்பக்கம் போக நானும் வலப்பக்கம். அவள் மற்றவளுக்குக் குடுத்தாள். அவளைத் தலைவி மறிச்சாள், தலைவியின்ர வாயும் அசையுது. பந்து திரும்ப என்ர ஆளுக்கு வந்தது. ரெண்டாவது மந்திரம் பாதியில நிக்குது. அவள் என்ர நெஞ்சில வந்து முட்டுற மாதிரி வந்து நிண்டாள், நான் கையைக் கீழ இறக்கி அவளைத் தொட்டுப் பிழை விடவேணும் எண்டு பாத்து. இறக்குவனோ? வேர்வை கண்ணுக்குள்ள ஓடுது, துடைக்கவும் இல்லை. ஆமென் எண்டு நினைச்சன். விசில் ஊதிச்சுது.

முப்பது செக்கன். பந்து எங்களுக்கு.

இன்னும் கொஞ்ச நேரம்தான் கிடந்தது. தலைவி ஓரக் கோட்டில நிண்டு பந்தை ஆருக்கு எறியிறதெண்டு பாத்தாள். அவளுக்குக் கிட்ட எங்கட ஆக்கள் ரெண்டு பேர் சும்மா நிண்டாளவை. அவள் எனக்குத்தான் எறிஞ்சாள். நான் பந்தை வயித்துக்குள்ள வைச்சு மடங்கிக்கொண்டன். மேல வந்து விழுந்து பறிக்கப் பாத்தாளவை. அதுக்குள்ள கடைசி விசில்.

பெட்டையள் எல்லாம் ஓடி வந்து கட்டிப் பிடிச்சு, என்ர பேரைச் சொல்லிச் சத்தம் போடுறாளவை. விசில் ஊதின மத்தியஸ்தர் வந்து கையை நீட்டினார்.

"பிள்ளை, ஆட்டம் முடிஞ்சுது. பந்தைத் தாரும்."

"முடிஞ்சது தெரியும், சேர். இனி நான் எவ்வளவு நேரம் வைச்சிருந்தாலும் பிழை இல்லைத்தானே?"

அப்பிடி ஒரு சட்டமும் இல்லை எண்டார். நான் அந்தச் சுட்ட சீமெந்தில குந்தியிருந்து, பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு, நல்லா அழுது முடிச்சுத்தான் குடுத்தன்.