சட்டைப் பையில் கிடந்த பொட்டலம்

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் குடியிருப்பின் செயலாளர், மாரடைப்பு வந்தால் விழுங்கவேண்டிய மாத்திரைகளைச் சின்னப் பொட்டலங்களாக்கி வீடுவீடாகக் கொடுப்பவர். வேலை பார்த்தது வங்கியில். மருத்துவம் படித்தது வாட்ஸ்அப்பில்.

ஆடிக் கடைசி வெள்ளி காலை (சனி என்று செயலாளர் பின்னால் வாட்ஸ்அப்பில் எழுதியது பிழை) என் அண்ணனுக்கு நெஞ்சுவலி கிழித்துக்கொண்டு முதுகுக்குப் போனது. "கேஸ்தான்" என்று அண்ணி சோடாவை நீட்டினார். செயலாளர் ஓடிவந்து பொட்டலத்தை அண்ணன் கையில் திணித்து, "முழுங்குங்க சார்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. இ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. பணியிலிருந்த பெண் மருத்துவர் சின்ன ஸ்கேன் இயந்திரத்தைக் கட்டிலருகே இழுத்து, அண்ணன் மார்பில் பசை தடவினார்.

"மேடம், இது மாசமா இருக்கறவங்களுக்கு எடுக்கறதாச்சே?" என்றார் செயலாளர்.

"உங்களுக்கு எடுக்கல சார். தள்ளி நில்லுங்க."

திரையில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்க்குள், கொடியில் காயும் துணிபோல் ஏதோ மெல்லிசாக ஆடியது. குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கிறது, அபூர்வமாக வருவது, உடனே பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தாகவேண்டும் என்றார் மருத்துவர். பிறகு கேட்டார்: "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

"பின்ன? மொத வேலையா நான்தான் குடுத்தேன்!"

"மாரடைப்புன்னா சரி சார். இது அது இல்ல. இப்ப ஆபரேஷன் பண்ணா ரத்தத்த நிறுத்தறதே கஷ்டம்."

செயலாளர் வாட்ஸ்அப்பைத் திறந்து தேட ஆரம்பித்தார். அண்ணனோ, பொத்தான் அவிழ்ந்து கிடந்த சட்டையின் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே பொட்டலம், பிரிக்காமல்.

"நான் சோப்பு போட்டுகினு நிக்கும்போது தண்ணி மோட்டார ஆஃப் பண்ண ஆளு," என்றார் மூச்சு வாங்க. "இவரு குடுத்து நான் முழுங்குவேனா?"

பகையால் பிழைத்தவர்கள் வரலாற்றில் உண்டு. குளியலறைப் பகையால் பிழைத்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. 'சனிக்கிழமை, நம் பொட்டலம் ஓர் உயிரைக் காத்தது' என்று செயலாளர் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். கைகூப்பும் படங்கள் குவிந்தன. ஸ்கேன் எடுத்த மருத்துவரைப் பற்றி ஒரு வரியுமில்லை.

பொங்கலுக்குப் புதுப் பொட்டலம் வந்தது. அண்ணன் மறுக்காமல் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும்டா," என்றார் என்னிடம். "பையில இருந்தா நல்லா வேலை செய்யுது."