பதினெட்டுச் சுற்று

அந்த நில அளவை அலுவலகத்தில் அவரைக் 'கட்டம்மா' என்றே அழைத்தார்கள். கால்குலேட்டருக்கு அசெம்பிளி மொழியில், அதாவது அதன் சில்லுக்கே நேராகக் கட்டளையிடும் மொழியில், நிரல் எழுதுபவர் அவர். எழுதிய நிரலை ஒரே மூச்சில் ஓடவிட மாட்டார். ஒவ்வொரு கட்டளைக்கும் நிறுத்தி, உள்ளே இருக்கும் எண்களைக் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொள்வார்.

"என்ன கட்டம்மா, கால்குலேட்டருக்கு நாடி பாக்குறீங்களா?" என்பார் அடுத்த மேசை வரைவாளர்.

"நீங்க போடுற கோட்டைவிட இதுக்கு நாடி ஒழுங்கா ஓடுது" என்பார் அவர், தலையைத் தூக்காமலே.

அவருடைய தம்பியும் அங்கேயே அளவையாளராக இருந்தான். ஒரு மனையின் பன்னிரண்டு மூலைகளையும் அளந்து, அளவுகளைக் கால்குலேட்டரில் ஏற்றி, அது காட்டிய இடத்தில் கடைசி முளையை அடித்தான். அதை நம்பி எழுந்த மதில் பக்கத்து மனைக்குள் மூன்று மீட்டர் புகுந்துவிட்டது.

"அக்கா, நான் சரியாத்தான் அடிச்சேன். உன் புரோகிராம்லதான் ஏதோ கோளாறு."

இரண்டு நாள், அவன் குறித்துவைத்திருந்த அதே அளவுகளைக் கொடுத்து, கட்டளை கட்டளையாக நிறுத்திப் பார்த்தார். விடை துல்லியமாக வந்தது.

"எங்கயும் பிசகலடா. உன் விரல்தான் பிசகியிருக்கு."

நிரலில் பிழை இல்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைக் காட்டித் தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான்கு மாதம் கழித்து, அவன் இடத்துக்கு வந்த புதியவர் கட்டம்மாவின் கண்ணெதிரிலேயே பன்னிரண்டு மூலை அளவுகளை ஏற்றி ஓடவிட்டார். விடை தவறாக வந்தது. கட்டம்மா கருவியை வாங்கி நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்; சரியாக வந்தது. ஓடவிட்டார், தவறு.

ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'பீப்' ஒலிக்கும்படி கட்டளை ஒன்றைச் செருகி, விரல்விட்டு எண்ணினார். பன்னிரண்டோடு நிற்க வேண்டியது பதினெட்டு வரை போயிற்று. முந்தைய வேலையில் மிஞ்சிக் கிடந்த ஆறு அளவுகளையும் சேர்த்துக் கூட்டியிருந்தது.

அந்தச் சில்லு பத்துப் பத்தாகவும் எண்ணும், பதினாறு பதினாறாகவும் எண்ணும். பதினாறின் கணக்கில், '12' என்று எழுதினால் ஒரு பதினாறும் இரண்டும், பதினெட்டு; ஒன்பதுவரை இரண்டு கணக்கும் ஒன்றேதான். 'பத்தில் எண்ணு' என்ற ஒரு வரியை அவர் எழுதவே இல்லை. நிறுத்திப் பார்க்க உதவும் கருவிநிரலோ, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தானாகவே பத்துக்கு மாற்றிவிடும். ஆகவே, அவர் பார்த்துக்கொண்டிருந்தவரை பிழை தலைகாட்டவில்லை.

அந்த வரியைச் சேர்த்துவிட்டு, மேலாளரிடம் சொன்னார்.

"முடிஞ்ச கதையை ஏம்மா கிளறுறீங்க? ஆள் பிழைன்னு எழுதிக் குடுத்தாச்சு. புரோகிராம் பிழைன்னு வெளிய தெரிஞ்சா, அளந்ததை எல்லாம் திரும்ப அளக்கச் சொல்லுவாங்க. முதல்ல உங்க வேலைதான் போகும்."

"அப்ப என் தம்பி?"

"திருத்திட்டீங்கல்ல? போய் வேலையைப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனார். அவன் இப்போது ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறான். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. "வாங்க அண்ணி" என்று அவன் மனைவி கதவைத் திறந்தாள். கட்டம்மா கட்டத்தாள்களைப் பரப்பி, நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தார்.

தம்பி தாள்களைத் தொடவில்லை. "நான் வாய்விட்டுச் சொன்னேன், நம்பல. அது பதினெட்டு தடவை கத்துனதும் நம்பிட்ட."

"தப்புதான்டா."

"இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. அது இருந்தா, வேற எங்கயாவது என்னை அளக்குற வேலைக்குச் சேத்துக்குவாங்க."

பேனா கைப்பையில்தான் இருந்தது. அவர் கை பைவரை போய் நின்றது.

"மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

தம்பி சிரித்தான். தாள்களை வரிசை குலையாமல் அடுக்கி, அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனான்.

செவ்வாய்க்கிழமைக்குள், திருத்திய நிரல் அலுவலகத்தின் ஏழு கால்குலேட்டர்களிலும் ஏறிவிட்டது. கடிதம் எழுதப்படவில்லை.