உத்தமன் தட்டிய மைக்

நான் மைக் செட் கட்டுகிறவன். பூந்தமல்லியில் ஹாஜா மொய்தீன் என்றால் எல்லோருக்கும் தெரியும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை அடக்குவதுதான் என் பிழைப்பு. அதனால் இதைப் படித்துவிட்டு, "வயர் லூஸா இருந்திருக்கும் பாய்" என்று எனக்கே பாடம் எடுக்க வருகிறவர்கள் இப்போதே நடையைக் கட்டலாம். இது 1989, ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், ஒரு தெருவே பார்க்க நடந்தது. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் மண்ணூர்பேட்டையில்தான் இருக்கிறார்கள். கேட்டால், "நாங்க அன்னிக்கு ஊர்லயே இல்ல" என்பார்கள். பொய். பந்தலில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் பார்த்தேன்.

கிளாரினெட் உத்தமனை அந்தக் காலத்தில் அம்பத்தூரிலிருந்து திருமழிசை வரை தெரியாதவர்கள் இல்லை. கல்யாணக் கச்சேரி, கோயில் கச்சேரி எல்லாவற்றுக்கும் அவன் வேண்டும். ஒரு கால் சூம்பிப்போனவன் என்பதால் ஸ்டூலில் உட்கார்ந்துதான் வாசிப்பான். அவனுக்காக மட்டும் மைக் ஸ்டாண்டை இடுப்பளவுக்கு இறக்கி வைப்பேன். வாசிப்பதற்கு முன்னால், வாயில் வைக்கும் துண்டில் இருக்கும் ரீடை, அந்த மெல்லிய நாணல் சீவலை, நாக்கால் நனைப்பான். பிறகு மோதிர விரலால் மைக்கை இரண்டு தட்டு தட்டுவான். டொக்... டொக். "என் மைக்கை ஒடச்சிடாத நைனா" என்று ஒவ்வொரு தடவையும் கத்துவேன். அவன் சிரித்துக்கொண்டே மறுபடியும் தட்டுவான்.

ஒரு தடவை கச்சேரி நடுவில் அந்த ரீடை இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையத்தில் ஒரு திருகு விழுந்துவிட்டது. என் பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு பித்தளைத் திருகைக் கழற்றிப் போட்டுக் கொடுத்தேன். தலை பெரிதாக, மினுமினு என்று இருந்தது. "இன்னா பாய், என் கிளாரினெட்டுக்கு மூக்குத்தி போட்டு வுட்டுட்டே" என்றான். கடைசிவரை அதை மாற்றவே இல்லை.

எண்பத்தெட்டில் செத்துப்போனான். எப்படிச் செத்தான் என்பதில் ஆளுக்கொரு கதை. கச்சேரிக் குழுவை நடத்திவந்த அவன் அண்ணன் கோவிந்தராஜ், மாரடைப்பு என்றார். டிரம்ஸ் வாசித்தவன், குடித்துவிட்டு மாடிப்படியில் உருண்டான் என்றான். ஒரு வாரப் பத்திரிகை, காதல் தோல்வியில் விஷம் என்று எழுதியது. எனக்குத் தெரிந்து உத்தமன் டீயைத் தவிர வேறு எதையும் குடித்ததில்லை.

அவனுக்குக் குடும்பம் உண்டா என்பது அதைவிடப் பெரிய சண்டை. "என் தம்பி பிரம்மச்சாரி, சங்கீதத்தத்தான் கட்டிக்கினான்" என்று கோவிந்தராஜ் ஊரெல்லாம் சொன்னார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்த நாகவல்லி, திருவேற்காட்டில் வைத்துத் தனக்குத் தாலி கட்டினான் என்றாள். அண்ணன் குழுவை விட்டுவிட்டு அவளோடு தனிக்குடித்தனம் போகப் போவதாக உத்தமன் என்னிடமே சொல்லியிருக்கிறான். அதற்கு அடுத்த வாரம்தான் செத்தான். அவள் ஓடி வருவதற்குள் எரித்தும் முடித்துவிட்டார்கள்.

கட்டியவன் போய்விட்டால் பதினாறாம் நாள் தாலியைக் கழற்ற வேண்டும். அதை அவளாகவே கழற்றி மூலையில் போட முடியாது. அவன் படத்துக்கு எதிரில், புருஷன் வீட்டு ஆட்கள் முன்னால் நடக்க வேண்டும். நாகவல்லி போனாள். கோவிந்தராஜ் வாசலிலேயே விரட்டிவிட்டார். கழற்ற விட்டால் அவள் மனைவி என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா! ஆக, ஒரு வருஷம் அவள் கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு. ஊர் அவளை மனைவி என்றும் சொல்லவில்லை, விதவை என்றும் சொல்லவில்லை. வேறு பெயர் சொன்னது. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவனுடைய வருஷப் படையலுக்குத்தான் என்னை மைக் கட்டக் கூப்பிட்டார்கள். தெருவை அடைத்துப் பந்தல். படத்துக்கு மாலை. தலைவாழை இலையில் வடை, பாயசம், அவனுக்குப் பிடித்த சுண்டல். இலைக்குப் பக்கத்தில் பட்டுத்துணி மேல் அவன் கிளாரினெட். கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, ஸ்டாண்டைக் கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்தேன். வைத்த பிறகுதான் பார்க்கிறேன், இடுப்பளவுக்கு இறக்கி வைத்திருக்கிறேன். கை பழக்கம். உட்கார்ந்து வாசிக்க அங்கே யாரும் இல்லை.

உயர்த்தலாம் என்று குனிந்தேன். கிளாரினெட் கண்ணில் பட்டது.

ரீடு ஈரமாக இருந்தது.

ஒரு வருஷம் பெட்டியில் கிடந்த வாத்தியம். யாராவது துடைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அது தண்ணீர் ஈரம் மாதிரி இல்லை. நுனியில் எச்சில் நூல் தொங்கியது.

"இன்னா பாய், மைக்கு ரெடியா?" என்று கோவிந்தராஜ் வந்து நின்றார். நானே ஸ்டாண்டைத் தூக்கி அவர் வாயளவுக்கு வைத்துக் கொடுத்தேன். பேச ஆரம்பித்தார். தம்பி எவ்வளவு பெரிய கலைஞன், தான் அவனைத் தோளில் தூக்கி வளர்த்த கதை...

"கடைசி மூச்சு வரிக்கும் அவன் கல்யாணமே பண்ணிக்கல" என்றார்.

டொக்... டொக்.

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். மைக் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

அந்த நேரம் பார்த்து நாகவல்லி வந்தாள். புதுப்புடவை, கையில் மஞ்சள் துணி. யாரையும் பார்க்கவில்லை. நேராகப் படத்தைப் பார்த்து நடந்தாள்.

"இன்னாத்துக்குடி வந்தே?" என்றார் கோவிந்தராஜ்.

"எனக்கு ஊடு வேணாம், ஒண்ணும் வேணாம். இத்த மட்டும் கயட்டி அவரு காலாண்ட வெச்சிட்டுப் போயிடறேன்" என்று தாலியைக் காட்டினாள்.

"யார்டி உன் புருசன்? தெருவுல போறவள்லாம் தாலியக் கயட்ட என் தம்பிதான் கெடச்சானா?"

"நீங்க அவரோட அண்ணாத்தே. நீங்க கூட சொல்லலன்னா வேற யாரு சொல்லுவாங்க?"

கோவிந்தராஜ் அவள் முடியைப் பிடித்தான். இனிமேல் அவனுக்கு மரியாதை கிடையாது. தரதரவென்று இழுத்து, படத்துக்கு முன்னாலேயே கீழே தள்ளினான். நான் பாய்ந்தேன். அவன் ஆட்கள் இரண்டு பேர் என் கையை முறுக்கி ஆம்ப்ளிஃபயர் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்கள். பந்தலில் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை.

கையை ஓங்கினான். அறை இன்னும் விழவில்லை.

"ஐயோ அண்ணா...!"

குழாய் ஸ்பீக்கர் அலறியது. ஆண் குரல். அதற்குப் பிறகுதான் அறை விழுந்தது. நாகவல்லி வாயே திறக்கவில்லை. உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. கண் மட்டும் ஸ்பீக்கரைப் பார்த்தது.

கோவிந்தராஜ் திரும்பி என்னை முறைத்தான். "பாய், கேசட்ட நிறுத்து!"

"கேசட்டே போடல."

அவள் வயிற்றில் உதைத்தான். உதைக்கு முன்னாலேயே ஸ்பீக்கர் முனகியது. மறுபடி உதைத்தான். "வேணாம்ணா... வாயில வேணாம்ணா... நான் வாசிக்கணும்ணா..."

அது உத்தமன் குரல். ஆயிரம் கச்சேரியில் கேட்ட குரல்.

என்னைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டுவிட்டு ஓடினார்கள். நான் பிளக்கைப் பிடுங்கினேன். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது.

ஸ்பீக்கர் அணையவில்லை.

ஸ்பீக்கர் வயரையே அறுத்தேன். கையில் அறுந்த முனை. மேலே கம்பத்தில் மூச்சு...

ஹ்ஹ்... ஹ்ஹ்... ஹ்ஹ்...

வாசிப்பதற்கு முன்னால் இழுக்கும் மூச்சு.

கோவிந்தராஜுக்கு வெறி தலைக்கேறிவிட்டது. படையலை மிதித்துக்கொண்டு போய்க் கிளாரினெட்டை எடுத்தான். அதாலேயே அவள் மண்டையைப் பிளக்க ஓங்கினான்.

ஓங்கிய கை இறங்கவில்லை.

மடங்கியது.

வாத்தியம் அவன் வாய்க்கு வந்தது. அவன் பல்லைக் கடித்தான். முகத்தைத் திருப்பினான். கை விடவில்லை. முன்பல் நொறுங்கும் சத்தம் கேட்டது... நறுக்.

அவன் கைதான். அவனே தள்ளினான். உள்ளே. இன்னும் உள்ளே.

நானும் இன்னொருத்தரும் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினோம். இரும்பு மாதிரி இருந்தது. ரத்தம் வாத்தியத்தின் ஓட்டை ஓட்டையாக வழிந்தது. கண் பிதுங்கியது.

ஸ்பீக்கரில் கிளாரினெட் வாசித்தது.

ஒரே ஒரு சுரம். நீளமாக... நீளமாக...

நின்றது.

அவன் விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் விடிவதற்குள் உயிர் போய்விட்டது. அதற்கும் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். பந்தலில் தடுக்கி வாத்தியத்தின் மேல் விழுந்தார் என்றார்கள், வலிப்பு என்றார்கள். போலீஸ் கேட்டபோது நான் பார்த்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

விழுந்து கிடந்த கிளாரினெட்டில் வாயில் வைக்கும் துண்டைக் காணவில்லை. தொண்டைக்குள் முறிந்து இருக்கும் என்று நினைத்தோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை. பிறகு, போட்டோ எடுத்த சம்பத் அன்றைய படங்களைக் காட்டினான். அன்று காலை படையல் போட்டதும் எடுத்த படம். பட்டுத்துணி மேல் கிளாரினெட். அதற்குத் தலையே இல்லை. ரீடும் இல்லை, வாயில் வைக்கும் துண்டும் இல்லை. நான் பார்த்த எச்சில் எதில் தொங்கியது?

அதற்கு அடுத்த மாதம், ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு மைக் கட்டப் போனேன். சுடுகாட்டில் வேலை பார்க்கும் வேம்புலி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாய், நீ அந்த உத்தமனுக்குத் தோஸ்துதானே? ஒரு வருசமா இத்த வெச்சிகினு தூக்கமே வரல. எலும்பு பொறுக்கச் சொல்லோ கெடச்சிது. கோவிந்தராஜி இருந்த வரிக்கும் வாயத் தொறக்க பயம்."

துணியைப் பிரித்தார். கருகிப்போன ஒரு வளையம். இரண்டு திருகு. ஒன்றின் தலை மட்டும் பெரிதாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். பித்தளை.

"எங்க கெடச்சிது?"

வேம்புலி தன் தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினார்.

அன்றைக்கு நடுத்தெருவில் நின்று அழுதேன். அவனை எதனால் கொன்றார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வளையத்தை நாகவல்லியிடம் கொடுக்காமல் எனக்கு நிம்மதி இல்லை. அவள் காட்டுப்பாக்கத்தில் ஒற்றை அறை எடுத்துக் குடிபோயிருந்தாள். பிற்பகலில் போனேன். வாசலில் நின்றாலே அறை முழுவதும் தெரியும். பாய், அடுப்பு, ஒரு ஸ்டூல். வேறு யாரும் இல்லை.

நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலியும் இருந்தது. இப்போது தடுக்க யாருமில்லை, தெருப் பெண்களே வந்து முறைப்படி செய்து தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"இன்னும் கயட்டலியாம்மா?"

"கேட்டேன்ணே. வேணாம்னுட்டாரு" என்றாள், ஏதோ மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் புருஷனைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

வளையத்தைக் கொடுத்தேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே போய் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, கைக்கு ஒன்றாக இரண்டு டம்ளர் டீயோடு வாசலுக்கு வந்தாள். ஒன்றை எனக்கு நீட்டினாள். இன்னொன்றை அவள் குடிக்கவில்லை.

"ஆறிடப் போவுது, வாங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

அறைக்குள் திருகு சுற்றும் சத்தம் கேட்டது. கிரீச்... கிரீச்...

அவள் என் முன்னால் நின்றிருந்தாள். நீட்டிய டம்ளரை நான் இன்னும் வாங்கவில்லை; இரண்டு கையிலும் டம்ளர் இருந்தது.

அப்புறம் அந்த மூச்சு.

டொக்... டொக்.