என் குரலில் கிளம்பிய மெக்கானிக்

ஏசி, ஃபிரிட்ஜ், தண்ணீர் ஃபில்டர், இன்வெர்ட்டர், வயல் மோட்டார் என்று டெல்டாவில் எது நின்றுபோனாலும் எங்கள் கம்பெனிக்குத்தான் போன் வரும். தலைமை அலுவலகம் தஞ்சாவூரில். கோடியக்கரைப் பக்கத்திலிருந்து சீர்காழி வரை கிளைகள். நான் போன் எடுக்கும் பிரிவில் மூத்தவள். மூத்தவள் என்றால், எந்த வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் திட்டிய பிறகு தணிவார் என்று தெரிந்தவள்.

ஒரு தை மாதம் எம்.டி. எங்கள் எல்லோரையும் கூட்டி, கம்பெனி இனிமேல் கிளவுடுக்குப் போகிறது என்றார். அறுப்புக்கு நிற்கும் சம்பாவை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்த கணக்குப் பிரிவுக்காரர் சட்டென்று ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். பிறகு சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் எழுந்து டேட்டா, ஏஐ என்று விளக்கினார். திரையில் நிறைய அம்புக்குறிகள் வந்தன. எல்லாமே மேலே போயின. இனிமேல் போன் எடுக்க மனிதர்கள் தேவையில்லை, ஒரு குரல் போதும் என்றார். எந்த ஊர் வாடையும் அதிகம் அடிக்காத குரலாக இருக்க வேண்டுமாம். பலரைப் பேசவைத்துப் பார்த்து, கடைசியில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எனக்குப் பெருமைதான். ஸ்டோர் ரூமில் சுவரோரம் பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, என்னை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்பதைச் சாதாரணமாக, கனிவாக, வருத்தமாக என்று வியர்க்க வியர்க்க மாற்றி மாற்றிச் சொன்னேன். என்ன பேச வேண்டும் என்பதை மெஷின் தானாகவே கற்றுக்கொள்ளும் என்றார் ஆலோசகர். அதற்காக எங்கள் பழைய போன் பேச்சுப் பதிவுகள் எல்லாவற்றையும் அதற்குப் போட்டுக் காட்டினார்களாம்.

சித்திரை பிறந்ததும் குரல் வேலைக்குச் சேர்ந்தது. எங்களைப் புகார்களைப் பட்டியல் போடும் வேலைக்கு மாற்றினார்கள். குரல் நன்றாகத்தான் பேசியது. தலைவலி இல்லை, பசி இல்லை, மாலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் இல்லை.

சீர்காழி பக்கம் தனியாக இருக்கும் என் மாமியார், ஃபில்டரில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று கம்பெனி நம்பருக்கு அடித்திருக்கிறார். என் குரல் எடுத்ததும் நான்தான் என்று நினைத்துக்கொண்டார். ஃபில்டர் விஷயத்தைச் சொல்லி முடித்த கையோடு, நாத்தனாரின் சம்பந்தி வீட்டார் வளைகாப்பில் செய்த மரியாதைக் குறைவையும் ஆதியோடந்தமாகச் சொல்லியிருக்கிறார். குரல் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றது. மாமியார் உருகிப்போனார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் மருமகள் மனசு விட்டுப் பேசினாள் என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கணவர் அவசரமாகத் தடுத்தார்.

இதையெல்லாம் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன், நாகூரிலிருந்து அந்தக் கடைக்காரர் நேரில் வந்து நிற்கும் வரை.

வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, தர்காவுக்குப் போகும் தெருவில் ஐஸ்கிரீம் கடை வைத்திருப்பவர். கந்தூரிக் கூட்டம் நிரம்பி வழியும் சமயத்தில் அவருடைய ஃபிரீசர் நின்றுவிட்டது. காலையிலிருந்து எங்கள் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாள் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வந்து, வரவேற்பில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நான் போனேன்.

"எங்கிட்ட பேசினது நீங்கதானேம்மா?"

"குரல் என்னோடதுதான் பாய். பேசினது மெஷின்."

அவர் கோபப்படவில்லை. "ஆள் வர மாட்டாருன்னு சொல்லியிருந்தா சரக்கைப் பக்கத்துக் கடை ஃபிரீசருக்கு மாத்தியிருப்பேன். வழியில இருக்காரு, வழியில இருக்காருன்னே சொன்னீங்க. நானும் நம்பி வாசல்லயே நின்னேன்."

டீ வாங்கி வரச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விசாரித்தால், அன்றைக்கு நாகூர் மெக்கானிக் ஊரிலேயே இல்லை. தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

எம்.டி. கூட்டம் போட்டார். மெஷின் எப்படிப் பொய் சொல்லலாம் என்று ஆலோசகரைக் கேட்டார். அவர் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, தவறு எதுவும் நடக்கவில்லை என்றார். பழைய பதிவுகளில் எங்கள் ஆட்கள் அதிகமாகச் சொன்ன வாக்கியம், "மெக்கானிக் கிளம்பிட்டாரு, வழியில இருக்காரு" என்பதுதானாம்.

"இதுதான் உங்க கம்பெனியோட அடிப்படைக் கொள்கைன்னு அது புரிஞ்சுக்கிட்டிருக்கு சார்," என்றார்.

எம்.டி. எங்களைப் பார்த்தார். நாங்கள் மேஜையைப் பார்த்தோம். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே அந்த வாக்கியத்தைப் பாடம் எடுக்கும் சர்வீஸ் மேனேஜர் தண்ணீர் குடித்தார்.

சோதனைக்காக வாக்கியத்தை மாற்றினார்கள். மெக்கானிக் எங்கே இருக்கிறார் என்பது தெரியவில்லை என்று என் குரல் சொல்ல ஆரம்பித்தது. புகார்கள் குவிந்தன. மன்னார்குடியில் ஒரு தலைமை ஆசிரியர், இவ்வளவு நேர்மையான பதிலைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று பாராட்டிவிட்டு, பள்ளிக்கூடத்தின் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். அந்த மாதம் முடிவதற்குள் பழைய வாக்கியம் திரும்பி வந்தது. கூடவே ஆப்பில் ஒரு மேப்பும், அதில் நகர்ந்துகொண்டே இருக்கும் குட்டி ஸ்கூட்டரும் வந்தன. மெக்கானிக் திருவாரூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் ஸ்கூட்டர் ஓடும். அதை ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட் வேறு. எங்கள் மெக்கானிக் யாரும் ஹெல்மெட் போட்டு நான் பார்த்ததில்லை.

வேறு யார் குரலாக இருந்தாலும் பேசாமல் இருந்திருப்பேன். இது என் குரல். கடைத்தெருவில் வாயைத் திறந்தாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். குரலை மாற்றச் சொல்லிக் கேட்டேன். அது இப்போது கம்பெனியின் பிராண்ட் என்றார்கள். அதனால் தினமும் கொஞ்சம் முன்னதாகவே ஆபீஸுக்குப் போய், கிளைகளில் விசாரித்து, அன்றைக்கு ஆள் போக முடியாத வீடுகளுக்கு நானே போன் செய்ய ஆரம்பித்தேன். "இன்னிக்கு ஆள் வர மாட்டாங்க. நாளைக்கும் சந்தேகம்தான்."

பாதிப் பேர், மெஷினோடு பேச முடியாது, ஆளைக் கொடு என்றார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் என்னை இருமிக் காட்டச் சொன்னார். இருமினேன். அதன் பிறகுதான் நம்பினார். நாகூர்க்காரருக்கும் ஒருநாள் இப்படிச் சொல்ல வேண்டிவந்தது. "சரிம்மா, அப்ப சரக்கை மாத்திடறேன்," என்று வைத்துவிட்டார். எங்கள் கம்பெனி அவருக்குச் செய்த முதல் உருப்படியான சர்வீஸ் அதுவாகத்தான் இருக்கும்.

நான் பேசிய வீடுகளிலிருந்து புகார் குறைந்திருப்பதை டேட்டா காட்டிக்கொடுத்தது. எம்.டி. பாராட்டினார். ஆலோசகர் ஒரு புது அம்புக்குறி போட்டார். அடுத்த கட்டமாக, உண்மை நிலவரத்தைச் சொல்லும் வசதியைப் பிரீமியம் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தரப்போவதாகவும், அதற்கு என் குரலில் மென்மையான வருத்தம் கொஞ்சம் பதிவு செய்துதர வேண்டும் என்றும் கேட்டார்கள். எல்லோருக்கும் என்றால் தருகிறேன், இல்லையென்றால் மாட்டேன் என்றேன்.

"எல்லாருக்கும் உண்மையைச் சொன்னா கம்பெனி என்னம்மா ஆகறது?" என்றார் எம்.டி. நக்கலாக இல்லை. நிஜமாகவே கவலையோடு கேட்டார்.

கும்பகோணம் கிளையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து பதிவு செய்தார்கள். நல்ல குரல். பிரீமியம்காரர்களுக்கு இப்போது அவள்தான் வருந்துகிறாள். மற்றவர்களுக்குக் காலையில் என்னால் முடிந்தவரை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் பட்டுக்கோட்டையில் ஒருவரிடம், இன்றைக்கு யாரும் வர மாட்டார்கள், வேறு வேலையிருந்தால் போய்ப் பாருங்கள் என்றேன்.

"மேப்ல ஸ்கூட்டர் எங்க வாசல்லயே நிக்குதேம்மா," என்றார்.

வாசலில் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் போனோடு வாசலில்தான் நிற்கிறாராம். யாரும் இல்லையாம்.

"பரவால்ல, கொஞ்ச நேரம் இருந்து பாக்கறேன்," என்று போனை வைத்துவிட்டார்.